சசிதரனின் நாலாவது படம்

தேயிலைச் சரிவில் கூடையோடு இறங்கி வரவேண்டிய சுமலதா பாதியிலேயே வழுக்கி விழுந்தாள். மானிட்டர் முன்னால் இருந்த இயக்குநர் சசிதரன், "ஓகே! நல்லா வந்திருக்கு. அடுத்த ஷாட்" என்றார்.

யாரும் நகரவில்லை. தேவாலா மழையின் இரைச்சலில் அவள் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் மானிட்டரில் அது தெளிவாகத் தெரிந்தது. ஒளிப்பதிவாளர் பிராங்ளின் ஓடிப்போய் அவளைத் தூக்கினான். முழங்காலில் ரத்தம் வழிந்தது. திரும்பி வந்து மெல்லக் கேட்டான்.

"ஏனுங்க சார், அவங்க விழுந்தது உங்களுக்குத் தெரியலீங்களா?"

"தெரிஞ்சுது" என்றார் சசிதரன். பிறகு முகத்தை மூடிக்கொண்டு, "இல்ல. ஒண்ணும் தெரியல" என்றார்.

சர்க்கரை கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. உதவி இயக்குநராக அருகிலேயே இருந்த மகள் கீர்த்தனாவிடம்கூட அவர் சொல்லவில்லை.

சிறுவனாக இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் வளர்ந்து, படம் இயக்கிய முதல் ஆள் அவர். கொழுந்து பறிப்பவர்களையே நடிக்க வைத்தார். டப்பிங் வேண்டாமென்று அவர்கள் பேச்சை அங்கேயே பதிவு செய்தார். சென்னையில் சிரித்தவர்களே பிற்பாடு அதைச் செய்தார்கள். இந்தப் படம் தன் தாயின் கதை என்பதால், கண் முழுதாகப் போவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று வெறியாக இருந்தார்.

விஷயம் கேள்விப்பட்டுத் தயாரிப்பாளர் முத்துராஜ் கூடலூரிலிருந்து அன்றே வந்துவிட்டார்.

"நாளைக்கு யாராச்சும் செத்தா நான்தானுங்க பதில் சொல்லோணும். கீர்த்தனா முடிக்கட்டும். நீங்க ஸ்பாட்டுக்கு வர வேண்டாம்."

"ஒரு மூலையில உக்காந்து கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன் தம்பி. வாயே திறக்க மாட்டேன்." தன்னைவிட இருபது வயது இளையவனின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். முத்துராஜ் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"நான் செய்ய மாட்டேம்ப்பா" என்று அழுதாள் கீர்த்தனா.

"செய். எனக்கு இனி ஏலாது. வேற ஆள் வந்தா நம்ம சனத்தைக் கோமாளியாக்கிருவான்."

சொல்லிவிட்டாரே தவிர, மறுநாள் காலை அறையில் இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். தார்ச் சாலைவரை கால் பழகியிருந்தது. தேயிலைக்குள் இறங்கியதும் பாதை தவறியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் செடி இடித்தது. பனிமூட்டமா, கண்ணா என்று தெரியவில்லை. கவாத்து வெட்டிய செடிகளின் குச்சிகள் காலைக் கிழித்தன. ஒரு எட்டு வைத்தால் பள்ளமாக இருக்குமோ என்று பயந்து அப்படியே நின்றார். கூப்பிட வாயெடுத்தார்.

"ஆக்‌ஷன்!"

மிக அருகில், கீர்த்தனாவின் குரல். தொடர்ந்து, தாயாக நடிக்கும் சுமலதா பேச ஆரம்பித்தாள். அவருடைய தாய் எப்போதோ பேசிய வார்த்தைகள். இப்போது கூப்பிட்டால் அந்தக் குரலோடு இவர் குரலும் பதிந்துவிடும். சட்டை நுனியை வாயில் திணித்துக்கொண்டு செடிகளுக்கிடையில் குந்தினார். காலில் அட்டை ஏறுவது தெரிந்தது. சுமலதா ஒரு வரியை விட்டுவிட்டாள். அவர் துணியை இன்னும் இறுக்கிக் கடித்தார். அசையவில்லை.

"கட். ஒன் மோர்."

விட்டுப்போன வரியைக் கீர்த்தனா கவனித்துவிட்டாள். சட்டையை எடுத்தால் கூப்பிட்டுவிடலாம். அவர் எடுக்கவில்லை. மறு டேக்கில் சுமலதா எல்லா வரிகளையும் சொல்லி முடித்தாள். கீர்த்தனா "ஓகே" என்ற பிறகுதான் வாயிலிருந்து துணியை எடுத்தார்.

"கீர்த்தனா, நான் இங்க இருக்கேம்மா. வழி தெரியல."

செடிகளை விலக்கிக்கொண்டு அவள் ஓடி வரும் சத்தம் கேட்டது.