நாற்பது வீட்டு அளவு

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் மின் நுகர்வோர் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஆய்வில் வந்த எண்களைப் பார்த்தபோது கோபம்கூட வரவில்லை.

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் நோயாளிகளுக்கு மின்கட்டணத்தில் சலுகை உண்டு. அந்த வீடுகளில் ஒன்றும் அதிகம் செலவாவதில்லை என்று சொல்லி அதை நிறுத்தப் பார்த்தது மின் நிறுவனம். மறுத்துப் பேச எங்களிடம் வாய் இருந்தது, ஆதாரம் இல்லை. சின்ன ஆய்வுகளுக்கு உதவும் ஒரு நிதியத்துக்கு ஏழு முறை திருத்தி எழுதி விண்ணப்பித்தேன். கிடைத்தது. நாற்பது வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் பதிவுப் பெட்டி மாட்டி, இரண்டு மாதம் அளந்தோம்.

முடிவு? நிறுவனம் சொன்னதைவிடக் குறைவு! சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம்.

நாற்பதில் ஒன்று என் அண்ணன் வீடு. நேரே அங்கே போனேன். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மெஷின் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது.

"என்ன அண்ணி இது? ஏன் ஓடல?"

"நீதானே சொன்ன, பெட்டி எல்லாத்தையும் பதிவு பண்ணும்னு. நாலு பேர் பாப்பாங்க. உன் அண்ணன் வீட்லயே கரண்ட்டைத் தண்ணியா செலவழிக்கிறாங்கன்னு உனக்குத்தானே கெட்ட பேரு? காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அவ்ளோதான்."

"அடக் கடவுளே! டாக்டர் பதினஞ்சு மணி நேரம்னாரே!"

"சமாளிச்சுக்கிட்டேன், விடு" என்றார் அண்ணன். அதைச் சொல்லவே நடுவில் இரண்டு முறை நிறுத்தினார்.

'உங்கள் பயன்பாடு கண்காணிக்கப்படும்' என்று கொட்டை எழுத்தில் தாள் அடித்துக் கொடுத்தவள் நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மற்ற வீடுகளுக்கும் போன் போட்டேன். முப்பத்தொரு வீட்டில் இதே கதை.

கடைசியாக நிதியத்து அதிகாரியை அழைத்தேன்.

"இந்த எண்ணை வச்சு அறிக்கை எழுத முடியாதுங்க. தப்பு என்னோடது. வீட்டுக்காரங்களுக்குச் சொல்லாம அளக்கலாமா?"

"கூடவே கூடாது." காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. "வீடு வீடா போய் வாயால சொல்லுங்க. மறுபடி அளக்க இன்னும் ஒரு மாசம் தர்றேன். அதுக்கு மேல கேக்காதீங்கம்மா."

முதலில் அண்ணியிடம்தான் சொன்னேன்.

"எப்பவும் ஓடுற மாதிரி ஓடட்டும் அண்ணி. உள்ளது உள்ளபடி பதிவானாத்தான் சலுகை நிலைக்கும்."

"நிஜமாவா?" என்று துணியை விலக்கி மெஷினைப் போட்டார்.

அரை மணி நேரத்தில் அண்ணன் எழுந்து போய்க் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார். பட்டப்பகலில் குறட்டை கேட்டது. அண்ணி வாசற்படியில் நின்று அவரையே பார்த்தார்.

"ரெண்டு மாசமா உக்காந்தேதான் தூங்குனாரு. உன் வேலை கெட்டுடக் கூடாதுன்னு, உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னுட்டாரு."