பரிசல் சுற்றினால் மாறும் சேலை

பூபதி ஆற்றில் பரிசலை ஒரு சுற்று சுற்றினால், கரையில் மீன் வறுக்கும் ரேவதியின் சேலை நிறம் மாறிவிடும். ஒகேனக்கல்லில் இது கட்லா மீன் விலை போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

சினிமாக்காரர்கள் வந்துபோன பிறகுதான் இப்படி. பழைய இங்கிலீஷ் காதல் நாவல் ஒன்றைப் பாட்டும் ஆட்டமுமாகப் படமெடுக்க வந்திருந்தார்கள். நாவலில் அவனும் அவளும் வீம்பு பிடித்துக் கடைசிப் பக்கம் வரை வாய் திறப்பதில்லையாம். "நம்ம ஜனம் அவ்வளவு நேரம் பொறுக்காதுங்க" என்று டைரக்டர் சந்திரமோகன் அந்த மௌனத்தையெல்லாம் பாட்டாக்கினார். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் ஒரு பாட்டு, பரிசலில் ஒரு பாட்டு. பரிசலின் ஒவ்வொரு சுற்றுக்கும் நாயகிக்கு வேறு நிறச் சேலை. நாயகிக்குத் தண்ணீர் என்றால் பயம். நாயகனுக்கு அதைவிடப் பயம். தூரத்துக் காட்சிகளுக்கு அவர்கள் இடத்தில் உட்கார ரேவதியையும் பூபதியையும் கூப்பிட்டார்கள்.

இருவரும் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, "மீன விட வாய் காரமா இருக்குதே" என்று பூபதி சிரித்தான். ரேவதி பூ, பழத்தட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். படப்பிடிப்பிலும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடியே சுற்றினார்கள்.

அடுப்புக் கரி தெரியாமலிருக்க அவள் எப்போதும் சாம்பல் நிறச் சேலைதான் கட்டுவாள். படக்குழு லாரியேறிப் போன மறுநாள், பூபதி சுற்றுலாக்காரர்களுக்காகப் பரிசலைச் சுற்ற, கரையில் அந்தச் சேலை மஞ்சளானது, பிறகு கிளிப்பச்சை. பக்கத்துக் கடை முனியம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு நல்ல கூட்டம் போலருக்குது புள்ள, வுடாம சுத்துறான்" என்றாள். ரேவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு மீனைப் புரட்டிப் போட்டாள். படம் வந்தது, ஓடியது, போனது. வெள்ளம் வந்து பரிசல் நின்ற நாட்களில் மட்டும் சேலை சாம்பலாகவே கிடந்தது. அன்றைக்கெல்லாம் அவள் மீனில் உப்பிருக்காது.

பொங்கல் முடிந்ததும் பூபதி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறானாம் என்று முனியம்மாள்தான் சொன்னாள். ரேவதி அடுப்பை அணைத்தாள். மசாலாக் கையோடு பரிசல் துறைக்கு நடந்தாள்.

"நீ போயிட்டா நான் ஆயுசுக்கும் இந்தச் சாம்பக் கலர்லயே நிக்கணுமா?"

பூபதி துடுப்பை எடுத்தான். "ஏறு."

"கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லு."

"ஏறுனாத்தான சொல்ல முடியும், காரக்காரி."

தை கடைசியில் கல்யாணம். வாங்கியது ஒரே முகூர்த்தச் சேலை. மணவறையைச் சுற்றி வந்தார்கள். அரக்கு, மயில் நீலம், மாம்பழ மஞ்சள். ஆல்பத்தைப் பார்த்த யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பூபதியின் அம்மா ராமக்காள் மட்டும் முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்து, துவைத்தால் சாயம் போகுமா என்று கேட்டாள்.

இதுவரை போகவில்லை.