சுருக்குச் சங்கிலி

தேரடிக் கூட்டத்தில் நாய் வெள்ளையன் இழுத்த இழுப்பில் செல்வநாயகம் வாத்தியார் குப்புற விழுந்தார். சிவகாசியே பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது அவருக்கு. மறுநாளே ராக்கப்பன் கடைக்கு நாயோடு போய் நின்றார்.

ஜட்கா குதிரைகளுக்கு வார் தைக்கிறவர் ராக்கப்பன். வெள்ளையனின் அகன்ற நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

“ராசபாளையத்து சாதி, இழுக்கத்தான் செய்யும். நெஞ்சைச் சுத்திப் பட்டை தைச்சுத் தாரேன். கழுத்துல இறுக்காதீக ஐயா, மூச்சு முட்டிரும்.”

“இழுத்தா வலிக்கணும்வே. அப்பத்தான் படியும்.”

இரும்புக்கடையில் சங்கிலி வாங்கி, இழுக்க இழுக்க இறுகும்படி வாத்தியாரே சுருக்குப் போட்டார். இரண்டு நாள் வெள்ளையன் இருமிக்கொண்டே கூட நடந்தது.

“இருமுதேங்க,” என்றாள் அவர் மனைவி கனகமணி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள்.

“பழகிரும்.”

மூன்றாம் நாள் காலை விஸ்வநத்தம் சாலையில் போகும்போது, பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் புது வெடியைப் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளையன் மிரண்டு பாய்ந்தது. வாத்தியார் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தார். இன்னொரு தடவை விழக் கூடாது; அது ஒன்றுதான் மனசில் இருந்தது.

சட்டென்று இழுப்பு நின்றது. அடங்கிவிட்டான் என்று நிமிர்ந்தார். வெள்ளையன் புழுதியில் சாய்ந்து கிடந்தது. நாக்கு நீலம் பாரித்து வெளியே தொங்கியது. வாத்தியார் மரமாக நின்றார்.

தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாரித்தாய் தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“ஐயா, விடுங்க! இன்னும் இழுத்துப் பிடிச்சிருக்கீக!”

அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். விரல்கள் பிரிய மறுத்தன. அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ரோமத்துக்குள் புதைந்திருந்த வளையத்தை நெகிழ்த்தி, விலாவை அமுக்கினாள். வெகுநேரம் கழித்து ஒரு கேவல் வந்தது.

வீடு வரை தோளில் சுமந்து வந்தார். கனகமணி நாயின் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். சங்கிலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வெள்ளையன் பிழைத்தது. ஆனால் குரல் போய்விட்டது. தபால்காரரைப் பார்த்தால் வாயைத் திறந்து திறந்து மூடும். வெறும் காற்றுதான் வரும்.

பத்தாம் நாள் ராக்கப்பன் தைத்த நெஞ்சுப் பட்டையோடு வாத்தியார் அதன் முன்னால் மண்டியிட்டார். வெள்ளையன் பின்வாங்கவில்லை. தானாகவே கழுத்தை நீட்டிக் கொடுத்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.