பீட்றூட் என்று எழுதிய சிவப்பு

குங்குமத்தைக் கெட்ட பொருள் என்று நினைக்க எந்தத் தமிழ்ப் பெண்ணுக்குத்தான் மனம் வரும்? நெற்றியில் வைப்பது, சாமி படத்துக்கு வைப்பது. நிரோஜாவுக்கும் மனம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். பொதியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'வெளிப்பாவனைக்கு மட்டும்' என்று இருந்ததை அவள் வாசித்தவள். வாசித்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தாள்.

பிரெஞ்சு பேசும் குளிர்நாட்டு நகரம் ஒன்றில், சென்ட் லோரன்ட் பகுதியில், மூன்றாம் மாடி வாடகை வீடு. அதன் சாப்பாட்டு மேசைதான் அவளுடைய தொழிற்சாலை. சின்னப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கைவேலை செய்ய, மாதம் ஒரு பெட்டி தபாலில் போகும். உள்ளே மருந்துக்கும் பிளாஸ்டிக் கிடையாது. பழைய சேலைத் துண்டு, விதை பதித்த கடதாசி, உருட்டி விளையாட நிறம் போட்ட கோதுமை மா. நிறத்துக்கு மஞ்சள், கீரை, பீட்றூட். அந்தப் பெயர்களையும் 'பிள்ளை வாயில் வைத்தாலும் பயமில்லை' என்ற வரியையும் மூடியில் பிரெஞ்சில் அச்சடித்திருந்தாள். அந்த ஒரு வரியை நம்பித்தான் நாற்பத்தொரு வீடுகள் சந்தா கட்டின.

பீட்றூட்தான் காலை வாரியது. பிசைந்த அன்று ரோசாப்பூப் போல இருக்கும், மூன்றாம் நாள் சேற்று நிறம். ஜனவரியில் இரண்டு தாய்மார் படம் எடுத்து அனுப்பி முகம் சுளித்தார்கள். பெப்ரவரி வேறு காதலர் மாதம். பெட்டி முழுக்கச் சிவப்பு இதயம் செய்யும் வேலை. தபாலில் சேர்க்க வேண்டிய நாள் காலையில் மூடியைத் திறந்தால் மா பழுப்பாகக் கிடக்கிறது. சாமித்தட்டில் குங்குமப் பொதி இருந்தது. மூன்று கரண்டி போட்டாள். மா பளீரென்று சிவந்தது. மூடியில் இருந்த எழுத்தை மாற்றவில்லை. கொஞ்சம்தானே என்று நினைத்தாள். எத்தனையோ குடியைக் கெடுத்த சொல் அது.

பெட்டிகள் போன பன்னிரண்டாம் நாள் பகல் வினோஜா தொலைபேசியில் வந்தாள். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் இருப்பவள், நிரோஜாவின் முதல் சந்தாக்காரி. மகள் மிதுஷாவைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் காப்பகமான கார்டெரியில் பெட்டியைக் காட்டி இன்னும் ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டவளும் அவளே.

"நிரோஜாக்கா, மிதுஷா மூண்டு நாளாய்ச் சத்தி எடுக்கிறாள். வயித்துக்குத்து எண்டு அழுறாள். என்னத்தை வாயில வைச்சவள் எண்டு டொக்டர் கேட்டவர். உங்கட சிவப்பு மாவைத்தான் கடிக்கிறவள், அது வெறும் பீட்றூட்தான், பயமில்லையெண்டு சொன்னனான். அப்ப பால்தான் ஒத்துவரேல்லைப்போல எண்டு பாலை நிப்பாட்டச் சொல்லியிருக்கிறார்."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. நிரோஜா சொன்னது இவ்வளவுதான்: "ஓமோ? கவனமாய்ப் பாரும், பிள்ளை."

தொலைபேசியை வைத்ததும் சாமித்தட்டுக்குப் போனாள். மிச்சக் குங்குமத்தைக் குப்பையில் போட்டு, மேலே வெங்காயத் தோலைக் கொட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்தவள் அவள். கார்டெரியில் வைரஸ் சுற்றுகிறது, குளிர்காலத்தில் எந்தப் பிள்ளைதான் வாந்தி எடுக்காது, என்று தனக்குத் தானே வக்கீலாக நின்று வாதாடினாள். வழக்கு வெல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இவளிடம், பழி பாலின் மேல். மூன்று வயதுப் பிள்ளை பாலுக்கு அழும், டொக்டர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். அவரைத் திசை திருப்பியது தன்னுடைய ஒரு வரி என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை இரண்டு பஸ் மாறி வினோஜா வீட்டுக்குப் போனாள். கதவு திறந்ததும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"வினோஜா, அது பீட்றூட் இல்லை. குங்குமம் போட்டனான். சாப்பிடுற சாமான் இல்லையெண்டு தெரிஞ்சுதான் போட்டனான்."

வினோஜா திட்டவில்லை. கார்ச் சாவியை எடுத்தாள், பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை போட்டாள். "ஏறுங்கோ, டொக்டருக்கு நீங்களே சொல்லுங்கோ" என்றாள். ஆஸ்பத்திரியில் நிரோஜா தன் அரைகுறைப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னாள். குங்குமத்தில் ஈயம் கலந்திருக்கலாமாம்; இரத்தம் எடுக்க மிதுஷாவின் மெல்லிய கையில் ஊசி ஏறியபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாள் கழித்து வினோஜா தொலைபேசி எடுத்தாள். "இரத்தத்தில ஈயம் ஒண்டுமில்லையாம். சத்தியும் நிண்டிட்டுது."

நிரோஜா விம்மி விம்மி அழுதாள். "என்னை மன்னியும், பிள்ளை. உமக்குச் சொன்ன பிறகுதான் எனக்கு நித்திரையே வந்தது."

"மற்ற நாப்பது வீட்டுக்கும் சொல்லிட்டீங்களோ?"

நிரோஜாவின் அழுகை அப்படியே நின்றது. ஒரு தாயிடம் சொல்லிவிட்டு, எல்லாம் தீர்ந்ததென்று இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

"இல்லை" என்றாள்.

"அந்தப் பிள்ளையள் இண்டைக்கும் அதைக் கடிச்சுக்கொண்டு இருக்குதுகள், அக்கா" என்றாள் வினோஜா.