உமிச் சாம்பல் தீர்ந்தபோது

எங்கள் சேத்தூர்த் தோட்டத்துப் போர்வெல்லில் மேல்மட்டத்து உப்புத் தண்ணீர் இறங்கி, அடியிலிருந்த நல்ல தண்ணீரையும் கெடுத்துவிட்டது. குழாயைச் சுற்றிச் சிமெண்ட் ஊற்றி உப்பை அடைக்க வேண்டும். ஆனால் அங்கே பாறை உளுத்தது. கனமாக எதை ஊற்றினாலும் விரிசல் விட்டுவிடும். அதனால் போர் போட்ட மேஸ்திரி சமுத்திரம், உமிச் சாம்பல் கலந்து சிமெண்டை லேசாக்கி ஊற்றினார். பாதியிலேயே சாம்பல் தீர்ந்துபோனது.

"ரைஸ்மில்லுல நாளைக்குத்தான் கிடைக்கும். ஒரு நாள் பொறுங்க."

"நான் பொறுப்பேன், தென்னை பொறுக்குமாய்யா?" என்று கத்தினார் என் வீட்டுக்காரர். "வெறும் சிமெண்டையே ஊத்தும்!"

சமுத்திரம் மாட்டேன் என்று விலகிக்கொண்டார். நாங்களே கரைத்து ஊற்றினோம். நானும்தான் சட்டி சட்டியாக அள்ளிக் கொடுத்தேன். மூட்டையெல்லாம் காலியாகியும் குழி நிறையவே இல்லை. அத்தனையும் எங்கேதான் போய்த் தொலைந்தது?

தொண்டை வறண்டது. எங்களுக்கும் சேர்த்துக் குடிதண்ணீர் தருவது பக்கத்துத் தோட்டத்தில் என் அண்ணன் காளிராஜின் கிணறுதான். குடத்தோடு போனேன். அண்ணன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி ஆவுடை, இங்க வந்து பாரு. தண்ணி பாலா வெளுத்துக் கெடக்கே, எதனாலன்னு தெரியலையே!"

சிமெண்ட் காய்ந்த கைகளைக் குடத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.