வேலை பார்க்கிறாள் என்று ஒரு கடிதம்

விசாவுக்கு அனுப்ப வேண்டிய காகிதங்களில் ஒன்றுதான் பாக்கி. அழகுமீனா எங்களிடம் வேலை பார்க்கிறார், லீவு கொடுத்திருக்கிறோம், திரும்பி வந்து சேருவார் என்று கம்பெனி எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் போன தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். போலந்தில் கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கும் புருஷனை அவள் நேரில் பார்த்து மூன்று வருசமாகிறது.

தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் ஆறு வருசமாக வெடிகளுக்குள் மருந்து செலுத்துகிறாள். ரெஜிஸ்தரில் பெயர் கிடையாது. சட்டப்படி ரூமுக்கு நாலு பேர். உட்காருவது ஒன்பது பேர். சோதனைக்கு ஜீப் வந்தால் மிச்ச ஐந்து பேரும் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் ஓடி, வெளிக்கு வந்தவர்கள்போலக் குத்தவைத்திருக்க வேண்டும்.

ஃபோர்மேன் காளீஸ்வரன் கடிதத்தை டைப் அடித்தே வைத்திருந்தான். நிரந்தரப் பணியாளராம். சீல் குத்தியாகிவிட்டது. அதை விரலால் அமுக்கிக்கொண்டு இன்னொரு தாளை நீட்டினான்.

"இதுல ஒரு கையெழுத்தப் போட்டுட்டு அத எடுத்துக்கோ தாயி."

போன மாசம் வெடித்த ரூமில் செத்துப்போன பத்திரகாளி கம்பெனி ஆளே இல்லை, மகளுக்குச் சோறு கொடுக்க வந்தவள் என்று அதில் இருந்தது. கீழே, சாட்சி: அழகுமீனா, நிரந்தரப் பணியாளர்.

"அவுகளுக்குப் பிள்ளையே கெடையாதேண்ணே."

காளீஸ்வரன் பல்லைக் குச்சியால் குடைந்தான். "அப்பத் தங்கச்சின்னு மாத்திருவோம்."

"அவுக வீட்டுக்காரருக்கு நஷ்டஈடு வராதுல்ல?"

"வந்தா குடிச்சே அழிப்பான். ஒனக்குப் புருஷனப் பாக்கணுமா, வேண்டாமா?"

பத்திரகாளியைச் சாக்கில் அள்ளியவர்களில் அவளும் ஒருத்தி. மயிர் பொசுங்கிய வாடை இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று புருஷன் அருள்பாண்டிக்குப் போன் போட்டாள். அங்கே அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஒன்றுவிடாமல் சொன்னாள். காளீஸ்வரனை நாலு வார்த்தை வைவான் என்று காத்திருந்தாள்.

"செத்தவ எந்திரிச்சா வரப்போறா? போட்டுட்டுக் கிளம்புற வழியப் பாரு."

"நீங்க ஊருக்குப் போறன்னைக்கு ஒங்க பெட்டிக்குக் கயிறு கட்டிவிட்டவுக."

"அதுக்கு? தூக்கித் தலையில வச்சுக்கிடவா? ஒரு கையெழுத்துக்கு எம்புட்டு யோசனடி. குளிருக்குக் கோட்டெல்லாம் வாங்கி வச்சிருக்கேன், செகப்புக் கலரு..."

கோட்டைப் பற்றியே பேசிக்கொண்டு போனான். மூன்று வருசமாக இந்தக் குரலைத்தான் காதோடு வைத்துப் படுத்திருக்கிறாள். போனை அணைத்துவிட்டுத் தொட்டியோரம் காறித் துப்பினாள். வாயைக் கொப்பளித்தாள். பொசுங்கிய வாடை போகவில்லை.

உள்ளே காளீஸ்வரன் பேனாவை மூடி கழற்றி வைத்திருந்தான்.

"வேண்டாம்ணே. நான் அங்கன போகல."

அவன் வற்புறுத்தவில்லை. கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டான். "நாளைக்கு வேலைக்கு வராத. போறப்ப மூக்கம்மாள வரச்சொல்லு."

சாட்சித் தாள் மேசையிலேயே இருந்தது. கூட மருந்து செலுத்தும் மூக்கம்மாளுக்கு என்ன தேவை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.