ஒன்று இருந்த கட்டம்

வாக்காளர் பதிவு அலுவலகத்தில் அவளைப் பட்டியல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்தின் பதினான்கு வார்டுகளிலும் ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தத் தெருவில் முதல் ஓட்டுப் பிள்ளைகள் அதிகம், எந்தத் தெருவுக்கு வயதாகிவிட்டது, எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். சுவரில் தொங்கும் பலகையும் அவள் எழுதியதுதான். அடியில் வார்டு உறுப்பினர், அதற்கு மேல் மேயர், அதற்கும் மேல் சட்டமன்ற உறுப்பினர், உச்சியில் நாடாளுமன்ற உறுப்பினர். நாலு பேரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் உண்டு. ஆள் மாறினால் அன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி மாற்றிவிடுவாள்.

வருடா வருடம் அவள் போடும் அட்டவணையில் ஒரு கட்டத்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பாள். அவள் குடியிருக்கும் தெருவின் வரிசையில், 'தனியாள் வீடு, பெண், ஐம்பது முதல் ஐம்பத்தொன்பது வரை' என்ற தலைப்புக்குக் கீழே ஒன்று என்று இருக்கும். அந்த ஒன்று அவள்தான். யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருக்கும் அவளுக்கு. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

இந்த வருடம் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

அறுபது ஆகிவிட்டதோ என்று ஒரு நிமிடம் தன்மேலேயே சந்தேகம் வந்தது. இல்லை, ஐம்பத்து நாலுதான். நீக்கல் பட்டியலைப் புரட்டினாள். அவளுடைய முழுப்பெயர், கதவு எண், காரணம்: மூன்று முறை சென்றும் பூட்டிய வீடு, அக்கம்பக்கத்தில் எவருக்கும் தெரியவில்லை. அடியில் இருந்த கையெழுத்து பக்கத்து மேசைக்காரருடையது.

ஒன்பது வருடமாக ஒரே ஜன்னலின் காற்றைப் பங்கு போட்டுக்கொண்டவர். அவர் அவளுடைய கதவைத் தட்டிய மூன்று தடவையும் அவள் வேறு வார்டில் யார் கதவையோ தட்டிக்கொண்டிருந்தாள். தாளைக் காட்டியதும் மனிதருக்கு முகம் செத்துவிட்டது.

"அக்கா, இது நீங்களா? உங்க முழுப்பேரு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டீர்கள் என்றாள். மூன்று வீட்டில் கேட்டாராம். இரண்டு வீட்டில் உதட்டைப் பிதுக்கினார்களாம். மூன்றாவது வீட்டில், அங்கே ஒரு ஆம்பளை இருக்கிறார் என்று அடித்துச் சொன்னார்களாம். அவள் சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் சுருக்கென்று தைத்தது.

வழி இல்லாமல் இல்லை. அதே தெரு வாக்காளர் ஒருவர், இவரைக் குறைந்தது ஒரு வருடமாகத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் தாள் வராவிட்டால் இந்தத் தேர்தலில் அவளுக்கு ஓட்டு இல்லை. அந்த ஒரு வருடக் கணக்கும் அவள் கொண்டுவந்ததுதான். முன்பெல்லாம் கண்டவர்களும் கண்டவர்களுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று குறிப்பு எழுதி, போராடி வாங்கிய விதி. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

தெருவில் நானூற்றுப் பதினொரு பேர். எதிர்வீட்டுக்காரருக்கு எழுபத்தொன்று, மூலை வீட்டில் இரண்டு முதல் ஓட்டு, கீழ்வீட்டு நர்ஸுக்கு முப்பத்தாறு. எல்லோருடைய வயதும் தெரியும். பதினோரு வருடத்தில் ஒருவரிடமும் நின்று பேசியதில்லை. காலையில் குனிந்த தலையோடு போவாள், மாலையில் குனிந்த தலையோடு வருவாள். ஆகவே அண்டை வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சப்பட்டு, முதலில் பலகையைத்தான் நம்பினாள்.

வார்டு உறுப்பினர் வாய் நிறைய வரவேற்றார். வீட்டில் எத்தனை ஓட்டு என்று கேட்டார். ஒன்று என்றாள், அதுவும் இப்போது இல்லை. சிரிப்பு அப்படியே இருக்க, நோட்டை மட்டும் மூடிவிட்டு மேயரைப் பார்க்கச் சொன்னார். மேயர் அலுவலகத்தில், விதி விஷயமெல்லாம் சட்டமன்ற உறுப்பினர்தான் என்றார்கள். அவருடைய உதவியாளர், பட்டியல் நாடு முழுவதற்கும் பொதுவானது, மேலே கேளுங்கள் என்றார். மேலே கேட்டாள். நாடாளுமன்ற உறுப்பினரின் எண்ணில் பதிவு செய்த குரல் ஒன்று அவளுக்கு நன்றி சொன்னது. அந்த எண்ணை எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பாள்!

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். நர்ஸ் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, உட்காரச் சொல்லி, தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"மேல யாரோ இருக்காங்கன்னு தெரியும்க்கா. எப்பவாவது நாற்காலி நகர்த்துற சத்தம் கேக்கும். அது நீங்கன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"ஆமா," என்றாள் பட்டியல் அக்கா.

"எத்தனை வருஷம்னு போடணும்? ஒண்ணுன்னு போட்டுடவா? ஆஸ்பத்திரியில பாக்காததைப் பாத்தேன்னு எழுத மாட்டேன். உங்களுக்காக வேணா எழுதுறேன்."

பேனா தாளுக்கு மேலே நின்றது. ஒரே ஒரு எண். பல தெருக்களில் பலரை, நெஜமாவே தெரியுமா, யோசிச்சுச் சொல்லுங்க என்று குடைந்து எடுத்தவள் அவள். அந்த ஒன்றுக்காக அவளுக்கு ஏக்கமாகத்தான் இருந்தது. ஆனால் யாருக்கும் தெரியாமலே வந்து உட்கார்கிற ஒன்று வேண்டாம் என்று தோன்றியது.

"உள்ளதையே எழுதும்மா."

நர்ஸ் 'இன்று முதல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாலே முக்காலுக்குப் பட்டியல் அக்கா அந்தத் தாளைத் தானே பதிவு செய்து, ஏற்க இயலாது என்ற முத்திரையையும் தானே குத்தினாள். பக்கத்து மேசைக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாக்குப்பதிவு நாளில் ஆள் பற்றாக்குறையால் அவளுடைய தெருவின் சாவடியிலேயே உட்கார வைத்தார்கள். வந்தவர்களின் பெயரைத் தேடி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். எழுபத்தொன்று வந்தது, மூலை வீட்டு முதல் ஓட்டுகள் வந்தன. எல்லோரும் தாளைப் பார்த்தார்கள். மதியம் நர்ஸ் வந்தாள். அவள் மட்டும் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அடுத்த தடவை கேக்கும்போது ஒரு வருஷம் ஆகியிருக்கும்ல?"

"ஆகியிருக்கும்," என்று சொல்லிக் கோடு போட்டாள். கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது.

மாலை வீட்டுக்கு வந்து மாடி ஏறினாள். கீழ்வீட்டில் விளக்கு எரிந்தது. எப்போதும்போல் பூனை மாதிரி நடக்காமல், காலை நன்றாக ஊன்றி நடந்தாள். பிறகு நாற்காலியைத் தூக்கி வைக்காமல், தரையோடு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.